அவுட்போர்டு மோட்டாரில் இருந்து பாய்ப்படகின் பேட்டரிக்குச் சார்ஜ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் கடல் இல்லை. ஆனாலும் தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன் பக்கத்தில் இருந்து பேட்டரி வாங்கவும் காயில் கட்டவும் மாட்டுத்தாவணியில் வந்து இறங்குகிறவர்கள் உண்டு. பாய் கட்டிய வத்தை என்னும் மரப்படகிலும் சிறிய ஃபைபர் படகிலும் 5 முதல் 10 குதிரைத்திறன் வரையுள்ள அவுட்போர்டு மோட்டாரை, அதாவது படகின் பின்னால் வெளியே மாட்டும் எஞ்சினை, மாட்டியிருக்கும் அவர்கள் எங்கள் பட்டறையில் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முன்னால் உள்ளன. சிக்கலானவை பின்னால் வருகின்றன.

அண்ணே, எங்க மோட்டார்ல சார்ஜ் வருமா வராதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

கயிறு சுற்றி இழுக்கும் இடத்துக்குக் கீழே இருக்கும் ஃப்ளைவீலின் உட்புறத்தில் நிலைக் காந்தங்கள் பதிக்கப்பட்டிருக்கும். அவை சுழலும்போது உள்ளே அசையாமல் இருக்கும் காயில்களில் மின்சாரம் பிறக்கிறது. இவற்றுள் ஸ்பார்க் பிளக்குக்கான காயில் எல்லா மோட்டாரிலும் உண்டு. விளக்குக்கும் பேட்டரிக்கும் உரிய லைட்டிங் காயில் தனியானது. சில மோட்டார்களில் அது கம்பெனியிலேயே பொருத்தப்பட்டிருக்கும், சிலவற்றில் விலை கொடுத்துப் பிறகு பொருத்திக்கொள்ள இடம் மட்டும் விடப்பட்டிருக்கும். 2 குதிரைத்திறன் அளவிலான மிகச் சிறிய மோட்டார்களில் பெரும்பாலும் அதற்கு வழியே இருக்காது.

மோட்டாரோடு வந்த புத்தகத்தில் “12 வோல்ட் 60 வாட்” அல்லது “12 வோல்ட் 80 வாட்” என்று ஒரு வரி இருந்தால் காயில் இருக்கிறது என்று பொருள். புத்தகம் இல்லாவிட்டால் மேல்மூடியைக் கழற்றிப் பாருங்கள்; ஃப்ளைவீலின் அடியில் இருந்து வந்து, எதிலும் சேராமல் ரப்பர் மூடி போட்டு நிற்கும் இரண்டு வயர்கள் பெரும்பாலும் அவைதான். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்பார்க் பிளக்குக்குப் போகும் வயரில் இருந்து சார்ஜ் எடுக்க ஒருபோதும் முயலாதீர்கள். அதில் பேட்டரிக்கு உதவும் அளவுக்கு ஆம்பியர் இருக்காது, மோட்டாரும் நின்றுபோகும்.

காயில்ல இருந்து வர்ற ரெண்டு வயரை நேரா பேட்டரியில மாட்டினா ஆகாதா?

ஆகாது. காயிலில் இருந்து வருவது மாறுதிசை மின்சாரம், அதாவது ஏ.சி.; பேட்டரிக்கு ஒரே திசையில் பாயும் டி.சி. வேண்டும். நேரடியாக மாட்டினால் பேட்டரி ஒரு நொடி ஏறி மறு நொடி இறங்குவதோடு நிற்காமல், அந்தச் சிறிய காயிலுக்குள் தன் முழு வலுவோடு மின்சாரத்தைத் திருப்பிச் செலுத்தி அதை எரித்துவிடும். காயிலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நான்கு டயோடுகள் சேர்ந்த பிரிட்ஜ் ரெக்டிஃபையர் ஒன்று கட்டாயம் வேண்டும்.

கடையில் 25 ஆம்பியர் அல்லது 35 ஆம்பியர் என்று குறிப்பிட்டு, நடுவில் திருகுத் துளை உள்ள சதுர வடிவ உலோக உடல் பிரிட்ஜைக் கேட்டு வாங்குங்கள். அதன் நான்கு கால்களில் அலைக்கோடு போட்ட இரண்டும் காயிலுக்கு உரியவை; கூட்டல் குறியும் கழித்தல் குறியும் போட்டவை பேட்டரிக்கு உரியவை. மின்சாரம் ஒரே சமயத்தில் இரண்டு டயோடுகளைக் கடந்து போவதால் ஏறத்தாழ 1.4 வோல்ட் அங்கேயே இழக்கப்படும். 6 ஆம்பியர் ஓடினால் 8 வாட்டுக்கு மேல் வெப்பமாக வெளியேறும். ஆகவே அதை மரப்பலகையில் திருகாமல் ஓர் அலுமினியத் தகட்டில், அடியில் வெப்பக் களிம்பு தடவி, மோட்டார் மூடிக்கு வெளியே காற்றுப் படும் இடத்தில் பொருத்த வேண்டும்.

ரெக்டிஃபையர் மட்டும் போதுமா, ரெகுலேட்டரும் வேணுமா?

ரெக்டிஃபையர் திசையை மட்டுமே ஒழுங்குபடுத்தும். வோல்டேஜுக்கு எல்லை வைப்பது ரெகுலேட்டரின் வேலை. பேட்டரி பெரிதாகவும் பாதி இறங்கியும் இருந்து, காயில் சிறிதாகவும் இருந்தால், பேட்டரியே வோல்டேஜை அடக்கி வைத்துக்கொள்ளும். 100 ஆம்பியர்-அவர் (ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஓர் ஆம்பியர்-அவர்) பேட்டரிக்கு 5 ஆம்பியர் காயிலை ஒரு மணி நேரம் ஓட்டுவதால் கெடுதல் இல்லை. ஆனால் முழுச் சார்ஜில் இருக்கும் சிறிய பேட்டரியோடு நீண்ட தூரம் மோட்டாரிலேயே போகும் நாளில் வோல்டேஜ் 15-ஐத் தாண்டும். தண்ணீர் ஊற்றும் பேட்டரியில் அமிலநீர் கொதித்து வற்றும், சீல் செய்த பேட்டரி உப்பிப் போகும்.

உப்பிய சீல்டு பேட்டரியை மீட்க வழியே இல்லை. அதன் விலையோடு ஒப்பிட்டால் ரெகுலேட்டரின் விலை சிறிது. சீல்டு பேட்டரி வைத்திருப்பவர்கள் ரெக்டிஃபையரும் ரெகுலேட்டரும் ஒன்றாக உள்ள யூனிட்டையே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

80 வாட்னு போட்டிருக்கே, அப்ப மணிக்கு 6 ஆம்பியர் முழுசா ஏறிடுமா?

வயரை வெட்டுவதற்கு முன்பே போட வேண்டிய கணக்கு இது. 80 வாட்டை 12-ஆல் வகுத்தால் 6 ஆம்பியருக்கும் சற்று மேலே வருகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த அளவு, மோட்டார் அதன் உச்ச வேகத்தில், நிமிடத்துக்கு 5,000 சுற்று வாக்கில் ஓடும்போது கிடைப்பது. பாய்ப்படகுக்காரர் யாரும் அப்படி ஓட்டுவதில்லை. கரையில் இருந்து வெளியேறவும், காற்று விழுந்தபோது மெல்ல நகரவும், மாலையில் திரும்பி வந்து கட்டவும்தான் மோட்டாரை முடுக்குகிறார். பாதி வேகத்தில் 3 ஆம்பியர் கிடைத்தால் அதுவே நல்ல காயில். ஐடிலில் அநேகமாக ஒன்றும் ஏறாது.

செலவுப் பக்கத்தையும் பார்ப்போம். பாய்மர உச்சியில் 3 வாட் எல்.இ.டி. விளக்கு 10 மணி நேரம் எரிந்தால் 2.5 ஆம்பியர்-அவர். 5 வாட் உள்விளக்கு 5 மணி நேரத்துக்கு 2. முக்கால் ஆம்பியர் இழுக்கும் ஜி.பி.எஸ். கருவி 8 மணி நேரத்துக்கு 6. வி.எச்.எஃப். வயர்லெஸ் பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாலும் ஒரு நாளைக்கு 4 வரை போகும். இரண்டு கைபேசிகளுக்கு 2.5. எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 17 ஆம்பியர்-அவர் செலவாகிறது. ஒரு மணி நேரம் பாதி வேகத்தில் ஓடும் மோட்டார் அதில் 3-ஐத்தான் திருப்பித் தருகிறது.

மீதியை நிரப்பப் பெட்ரோலை எரிப்பதில் பொருளே இல்லை. நம் பக்கத்து வெயிலுக்கு ஒரு 50 வாட் சோலார் பலகை, பாயின் நிழல் விழாத இடத்தில் இருந்தால், நாளொன்றுக்கு 12 முதல் 15 ஆம்பியர்-அவர் தரும். ஜி.பி.எஸ்.ஸும் வயர்லெஸ்ஸும் வைத்திருப்பவர்களிடம் சோலாரை முதன்மையாகவும் மோட்டார் காயிலைத் துணையாகவும் வைத்துக்கொள்ளுமாறு சொல்லி வருகிறேன். விளக்கும் கைபேசியும் மட்டும் என்றால், தினமும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் மோட்டார் ஓட்டுபவருக்குக் காயிலே ஏறத்தாழப் போதும்.

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி ஒண்ணு சும்மா கிடக்கு, அதையே வச்சுக்கட்டா?

வேண்டாம். 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல் எடையுள்ளது, உயரமானது, மூடிகளின் வழியே அமிலநீர் கசியக்கூடியது. காற்றுக்குச் சாயும் படகில் அது நிற்காது. அதோடு, மேலே சொன்ன கணக்கில் 3 ஆம்பியர் தரும் காயிலால் அத்தனை பெரிய பேட்டரியை ஒருநாளும் நிரப்ப முடியாது. நிரம்பாமலே கிடக்கும் ஈய பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும்.

சிறிய பாய்ப்படகுக்கு 40 முதல் 65 ஆம்பியர்-அவர் வரையிலான சீல்டு பேட்டரி சரியான அளவு. அதைப் பட்டையால் இறுக்கிக் கட்டி, மூடியுள்ள ஆனால் காற்றோட்டமான பெட்டியில் வையுங்கள். பெட்ரோல் கேனையும் பேட்டரியையும் ஒரே அறையில் வைக்கவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமாதலால் படகின் அடியில் தங்கி நிற்கும். டெர்மினலில் ஸ்பேனர் பட்டு எழும் ஒரு பொறி அதற்குப் போதும்.

வீட்டு வயரிங்குக்கு வாங்கின 1 எம்.எம். வயர் மிச்சம் இருக்கு, அது தாங்குமா?

சூடாகாமல் தாங்கும், ஆனால் சார்ஜ் மெதுவாகத்தான் ஏறும். மோட்டார் அமரத்திலும் (படகின் பின்முனை) பேட்டரி படகின் நடுவிலும் இருந்து, இடையில் 5 மீட்டர் வயர் ஓடுகிறது என்று கொள்வோம். போக வர 10 மீட்டர். 1 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயரில் 6 ஆம்பியர் ஓடும்போது ஏறத்தாழ 1.2 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். 2.5-இல் அரை வோல்ட், 4-இல் 0.3 வோல்ட், 6-இல் 0.2 வோல்ட். ரெகுலேட்டர் 14.4 கொடுத்தாலும் 1 எம்.எம். வயரின் மறுமுனையில் பேட்டரி காண்பது 13.2தான், அதனால் பேட்டரி நிரம்ப மிகுந்த நேரம் பிடிக்கும். 4 எம்.எம். போடுங்கள். ஒற்றைக் கம்பியாகவோ ஏழு இழையாகவோ உள்ளது அதிர்வில் ஒடிந்துவிடும் என்பதால், மெல்லிய இழைகள் பல சேர்ந்த வயரையே கேட்டு வாங்க வேண்டும். வெள்ளீயம் பூசிய இழைகள் கிடைத்தால் இன்னும் நல்லது.

கடலில் இருந்து வரும் பழைய வயரைப் பட்டறையில் பிளந்து பார்க்கும்போது, வெளி உறை புதிது போலவே இருக்க, உள்ளே செம்பு கருத்துப் பச்சை பூத்திருக்கும். திறந்து கிடந்த முனையின் வழியே ஏறிய உப்புநீர், இழைகளுக்கு நடுவே ஒரு முழத்துக்கும் மேல் ஊர்ந்து போயிருப்பதைக் காணலாம். அந்தக் கருத்த செம்பில் லக்கும் (வயர் முனையில் மாட்டும் உலோகக் காது) ஒட்டாது, சால்டரிங் ஈயமும் ஒட்டாது. பளிச்சென்ற செம்பு தெரியும்வரை வெட்டி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. இதைத் தடுக்க ஒவ்வொரு முனையிலும் சரியான அளவு லக்கை கிரிம்பிங் கருவியால் அழுத்தி, அதன்மேல் உட்புறம் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சுட்டு மூட வேண்டும். வெறும் சால்டரிங்கை மட்டும் நம்ப வேண்டாம். ஈயம் ஏறிய இடத்தில் வயர் விறைத்துப்போய், விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வால் ஒடியும்.

ஃபியூஸ் மோட்டார் பக்கமா, பேட்டரி பக்கமா?

பேட்டரி பக்கம். மோட்டார் காயிலால் 6 ஆம்பியருக்கு மேல் தர முடியாது. வயர் நசுங்கி ஷார்ட் ஆனாலும் அதனால் தீப்பிடிக்காது. பேட்டரியோ அதே ஷார்ட்டில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். வயர் சில நொடிகளில் செக்கச் சிவந்து எரியும். எனவே பேட்டரியின் பாசிட்டிவ் டெர்மினலுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். அமெரிக்கப் படகு நியமத்தில் இந்தத் தூரம் 7 அங்குலம். 6 ஆம்பியர் காயிலுக்கு 10 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ், தண்ணீர் புகாத ஹோல்டரில் போதுமானது. ஃபியூஸ் போனபின் அங்கே வயர்த் துண்டைச் சுற்றி ஓட்டும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். இரண்டு உதிரி ஃபியூஸ்களை ஹோல்டரோடு சேர்த்துக் கட்டி வைத்தால் அந்த எண்ணமே வராது.

பைக் ரெகுலேட்டர் யூனிட் பாதி விலைக்குக் கிடைக்குதே, அதைப் போடலாமா?

எந்த வகை என்பதைப் பொறுத்தது. மூன்று மஞ்சள் வயர் உள்ளே போய், ஒரு பாசிட்டிவும் ஒரு நெகட்டிவும் வெளியே வரும் மூன்று-ஃபேஸ் வகையில், எவையேனும் இரண்டு மஞ்சள் வயர்களில் காயிலை மாட்டி, மூன்றாவதன் முனையை மூடிவிட்டால் அது பொதுவாக நன்றாகவே வேலை செய்யும். உட்பகுதி பிசின் ஊற்றி அடைக்கப்பட்டிருப்பதால் உப்புக்காற்றையும் ஓரளவு தாங்கும்.

ஹெட்லைட்டுக்கு ஏ.சி.யும் பேட்டரிக்கு அந்த ஏ.சி. அலையின் ஒரு பாதியை மட்டும் கொடுக்கும் பழைய 100 சி.சி. வண்டிகளின் நான்கு வயர் வகை இதற்குப் பொருந்தாது. அது ஒரு முனை வண்டியின் பாடியோடு இணைந்த (எர்த் ஆன) காயிலுக்காகச் செய்யப்பட்டது; படகில் போட்டால் ஏற்கெனவே குறைவாக உள்ள சார்ஜில் பாதிதான் கிடைக்கும்.

எல்லாம் சரியா மாட்டியும் காயில் கருகுது, சார்ஜும் பாதிதான் ஏறுது. ஏன்ணே?

இந்தப் பழுதுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். சில மோட்டார்களில் லைட்டிங் காயிலின் ஒரு முனை உள்ளேயே மோட்டார் பாடியோடு இணைக்கப்பட்டிருக்கும். இரண்டாவது கேள்வியில் சொன்ன நான்கு-டயோடு பிரிட்ஜை அத்தகைய காயிலில் மாட்டி, பிரிட்ஜின் நெகட்டிவையும் மோட்டார் பாடியில் எர்த் செய்துவிட்டால், ஒரு டயோடு இருந்தும் இல்லாதது போல் ஆகிவிடுகிறது. அலையின் ஒரு பாதி பேட்டரிக்குப் போகிறது. மறு பாதி, எதிரே உள்ள ஒற்றை டயோடின் வழியே காயிலுக்குள்ளேயே சுற்றி ஷார்ட் ஆகிறது. காயில் கொதிப்பது அதனால்தான்.

கண்டுபிடிப்பது எளிது. இரண்டு வயரையும் பிரிட்ஜில் இருந்து கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, ஒவ்வொரு வயருக்கும் மோட்டார் பாடிக்கும் இடையே அளந்து பாருங்கள். இரண்டும் இணைப்பே இல்லை என்று காட்டினால் காயில் தனித்து நிற்கிறது. பிரிட்ஜைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒன்றோ இரண்டுமோ பாடியோடு சேர்ந்து காட்டினால், காயில் கட்டுபவரிடம் கொடுத்து, எர்த் ஆன முனையைப் பாடியில் இருந்து பிரித்துத் தனி வயராக வெளியே எடுப்பதே சிறந்த வழி. பிரிக்க முடியாதபடி அமைந்த காயிலுக்கு ஒற்றை டயோடு போட்டுப் பாதி அலையோடு திருப்தி அடைய வேண்டும்.

பேட்டரியைக் கழட்டிட்டு மோட்டார் ஓட்டலாமா?

காயில் வயர்கள் எதிலும் சேராமல், முனைகள் மூடப்பட்டு இருந்தால் ஓட்டலாம். காயிலுக்குக் கெடுதல் இல்லை. ரெக்டிஃபையர் மாட்டியிருக்கும் நிலையில், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரியைக் கழற்றுவதோ பேட்டரி ஸ்விட்சை அணைப்பதோ கூடாது. வோல்டேஜ் சட்டென்று எகிறி டயோடுகளையும், அதே வயரில் இருக்கும் ஜி.பி.எஸ். போன்ற கருவிகளையும் உடைத்துவிடும். பேட்டரி இல்லாமல் போக வேண்டிய நாளில், கிளம்பும் முன்பே காயிலுக்கும் ரெக்டிஃபையருக்கும் நடுவில் உள்ள பிளக்கைப் பிரித்துவிடுங்கள். அப்படி ஒரு பிளக் அங்கே வைப்பது இதற்காகவே.

சார்ஜ் ஏறுதான்னு கரையிலேயே எப்படிப் பார்க்கிறது?

மோட்டாரைத் தண்ணீர் இல்லாமல் முடுக்க வேண்டாம். தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் சில நொடிகளிலேயே தேய்ந்து கருகத் தொடங்கும். படகோடு தண்ணீரில் நிறுத்தியோ, பட்டறையில் செய்வது போல் பெரிய டிரம்மில் மோட்டாரின் காலை மூழ்கவைத்தோ ஓட்டிப் பாருங்கள். மோட்டார் நிற்கும்போது பேட்டரி டெர்மினலில் 12.2 முதல் 12.6 வோல்ட் வரை காட்டும். முடுக்கிப் பாதி வேகத்துக்குக் கொண்டுபோனதும் அது படிப்படியாக 13-ஐத் தாண்டி ஏற வேண்டும். 14.8-ஐக் கடந்தால் ரெகுலேட்டர் வேலை செய்யவில்லை என்று கொண்டு நிறுத்திவிடுங்கள்.

ஏறவே இல்லையென்றால், முதலில் ஃபியூஸ், அடுத்து லக்குகள், கடைசியாகக் காயில் என்ற வரிசையில் தேடுங்கள். காயிலின் ஓம் அளவு பெரும்பாலும் ஒன்றுக்கும் கீழே இருக்கும். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணை முதலில் குறித்துக்கொண்டு, அதைக் கழித்த பிறகே காயிலின் அளவைச் சொல்ல வேண்டும். எதிலும் மாட்டாத காயில், மோட்டார் வேகமாக ஓடும்போது 12 வோல்ட்டைவிடப் பல மடங்கு தரும் என்பதால், ஓடும்போது அந்த முனைகளை ஈரக்கையால் தொடாதீர்கள்.

லித்தியம் பேட்டரி எடை கம்மியா இருக்கே, அதுக்கு மாறிட்டா?

எடைக்காக மாறுவது நியாயமே. ஆனால் மோட்டார் காயிலை அதில் நேரடியாகச் சேர்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி நிரம்பும்வரை காயில் தரக்கூடிய முழு ஆம்பியரையும் இடைவிடாமல் இழுக்கும். ஈய பேட்டரி போல நிரம்ப நிரம்பக் குறைத்துக்கொள்ளாது. காயில் ஓய்வின்றிச் சூடாகும். இன்னொன்று, உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று நிரம்பியதும் தானாகத் துண்டித்துக்கொள்ளும். அது, ஓடும்போது பேட்டரியைக் கழற்றக் கூடாது என்று மேலே சொன்னதையே பேட்டரி தானாகச் செய்வதாகும். லித்தியம்தான் வேண்டுமென்றால் காயிலில் இருந்து ஒரு சிறிய ஈய பேட்டரிக்கும், அதில் இருந்து டிசி-டிசி சார்ஜர் வழியாக லித்தியத்துக்கும் கொண்டுபோங்கள். அந்தச் செலவுக்குச் சோலார் பலகையை இரட்டிப்பாக்கலாம் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

சோலாரும் மோட்டாரும் ஒரே பேட்டரிக்கு வந்தா ஒண்ணோட ஒண்ணு முட்டிக்காதா?

முட்டாது. சோலாருக்கு அதன் கன்ட்ரோலரும், மோட்டாருக்கு அதன் ரெகுலேட்டரும் தனித்தனியே இருந்து, இரண்டு வயருக்கும் தனித்தனி ஃபியூஸ் இருந்தால், இரண்டையும் ஒரே டெர்மினலில் சேர்க்கலாம். வெயில் நன்றாக அடிக்கும்போது சோலாரே வோல்டேஜை உயர்த்திவிடுவதால் மோட்டார் ரெகுலேட்டர் ஒதுங்கி நிற்கும். அதைப் பழுது என்று நினைத்துக் கழற்ற வேண்டாம்.

வாடைக் காத்து மாசத்துல படகை ஏத்திட்டு, பேட்டரியை மதுரை வீட்டுல சிமெண்ட் தரையில வச்சா சார்ஜ் இறங்கிடுமா?

சிமெண்ட் தரைக்கும் இதற்கும் தொடர்பில்லை. இப்போதைய பிளாஸ்டிக் உடல் பேட்டரியை எந்தத் தரையிலும் வைக்கலாம். சார்ஜை இறக்குவது வெப்பம். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் தானாக இறங்கும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. ஆகவே மழை மாதங்களைவிட, பங்குனி சித்திரையில் மதுரை மொட்டைமாடி அறையில் கிடக்கும் பேட்டரிக்குத்தான் ஆபத்து அதிகம். வீட்டின் குளிர்ந்த மூலையில் வைத்து, மாதம் ஒருமுறை மீட்டரால் பாருங்கள். 12.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் சார்ஜரில் போட்டு நிரப்பி வைக்க வேண்டும். கோடையில் 35 டிகிரி இருக்கும் அறையில் சார்ஜ் செய்யும்போது, சார்ஜரில் அளவை மாற்ற வழியிருந்தால், 14.4-க்குப் பதிலாக 14.2 வோல்ட் போதும். டெர்மினல்களை வெந்நீரில் கழுவித் துடைத்து, வாசலின் தடவி வைத்தால், படகில் மறுபடி மாட்டும்போது வெள்ளைப் பொடியைச் சுரண்ட வேண்டியிருக்காது.